மலைவழி நூற்பாவும் விளக்கவுரையும்

மலைவழி வகுப்போர் முன்வழி தேர்ந்து
நாளும் நடப்போர் தலையாக் கொண்டே
ஏற்றம் தணித்தும் நீர்வழி விலக்கியும்
உருள்செலற்கு இசைந்துழி உருள்வழி வகுத்தும்
நிழலும் நீரும் நிலையமும் நிறீஇக்
காப்போர் இன்னார் எனக்கைச் சாத்தின்
வருவோர்க்கும் உரித்தே அவ்வழி என்ப.

இஃது என் நுதலிற்றோ எனின், இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களினூடே நடந்து செல்வதற்கும் சைக்கிள் மிதிப்பதற்கும் வழி வகுக்குமாறு உணர்த்துதல் நுதலிற்று. நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை முதலிய நிலத்தைக் கருதி எழுந்தமையின், சமநிலத்து வீதிக்குரிய இலக்கணங்கொண்டு இதனை அளத்தல் பொருந்தாது.

*மலைவழி வகுப்போர்* என்பது: மலை ஈண்டு இருபொருளும் தரும். ஹட்டன் கடல்மட்டத்தின்மேல் ஏறத்தாழ 1,270 மீற்றரும், நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றரும் உயர்ந்தன ஆதலின், மலை என்றது நிலத்தின் இயல்பு. தோட்டத்தார் வழக்கிலோ கொழுந்து பறிக்கும் இடமும் மலையே. காலையில் வேலை பகிரும் பெரட்டுக் களத்தில் ‘இன்றைக்கு எந்த மலை?’ என்று கேட்பது அதுபற்றி. இரண்டும் கொள்க. வீதி என்னாது வழி என்றது, தாரும் அகலமும் இல்லாது அடிவைக்க இடமுள்ள யாவும் அடங்குதற்கு.

வகுப்போர் எனப் பன்மையாற் கூறியது, வழி ஒன்றாயினும் அது செல்லும் நிலம் பலர் ஆட்சிக்கு உட்பட்டமையின். ஒரு நாள் நடையில் ஒருவர் பெருந்தோட்டக் கம்பனியின் நிலத்தையும், பிரதேச சபையின் ஒழுங்கையையும், அரச காட்டின் விளிம்பையும், ரயில் பாதையின் ஓரத்தையும், வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பெருவீதியையும் கடப்பார். ஒருவர் தம் எல்லைக்குள் வகுத்தது அடுத்தவர் எல்லையில் முட்டி நின்றுவிடும். ஆதலின் யாவரும் ஓரிடத்துக் கூடி, பிராந்தியம் முழுதையும் ஒருங்கு நோக்கி வகுத்தல் வேண்டும் என்பது அப்பன்மையாற் பெற்றாம்.

*முன்வழி தேர்ந்து* என்பது: முன்வழி, முன்னரே உள்ள வழி. தேர்தல், ஆராய்ந்து கொள்ளுதல். புதுவழி வெட்டுதலை நூற்பா யாண்டும் விதித்திலது. இதனை நன்கு கவனிக்க. இந்நிலத்து முன்வழி எவையெனின், கோப்பிக் காலத்துக் குதிரைத் தடங்கள், கரத்தை ரோடுகள், தொழிலாளர் வரிசை வீடாகிய லயத்திலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும் குழந்தை காக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் கோயிலுக்கும் இறங்கும் குறுக்குப் பாதைகள், சிவனொளிபாதமலைக்கு ஏறும் படிகள் என இவை. இவற்றோடு எண்ணத்தகும் வழி இன்னொன்று உண்டு. 1820களிலிருந்து தமிழகத்தார் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடே கால்நடையாக மாத்தளைக்கு வந்து, அங்கிருந்து மலையேறினர். வழியிலேயே மாண்டோர் மிகப் பலர். 2023ஆம் ஆண்டு ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12 வரை, மலையகத் தமிழரின் இருநூறாண்டை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தது அவ்வழியை மீளக் காலால் எழுதியதாம். இம்மலைநாட்டின் வரலாறு நடையில் தொடங்கியது என்பதை வகுப்போர் மறத்தலாகாது.

முன்வழி தேர்ந்ததற்கு இக்காலத்து எடுத்துக்காட்டு பீக்கோ டிரெயில் எனப்படும் நெடுநடை வழி. ஐரோப்பிய ஒன்றியத்தினதும் அமெரிக்காவினதும் உதவியுடன் உருவாகிய அது, கண்டி ஹந்தானையில் தொடங்கி, கலஹா, லூல்கந்துர, பூண்டுலோயா, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, ஹோர்ட்டன் சமவெளி, ஹப்புத்தளை, எல்ல எனச் சுற்றி நுவரெலியாவில் முடியும். 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்நெறியை 22 கட்டங்களாகப் பகுத்தனர். லூல்கந்துரயே 1867இல் ஜேம்ஸ் டெயிலர் வணிகப் பயிராகத் தேயிலை வைத்த தோட்டம். அந்நெறியின் பெரும்பகுதி பழைய தோட்டப் பாதையே ஆதலின், அது தேர்ந்து கொள்ளப்பட்டது என்பதே பொருந்தும்.

தேர்ந்து என்றமையான், உள்ளன யாவும் கொள்ளப்படா என்பதூஉம் பெறப்பட்டது. எவ்வாறு தேர்வதெனின், வரைபடத்தைப் பின்னர் விரிக்க; முதலில் பெரட்டுக்கு முந்திய இருளில் லயத்து வாசலில் நிற்க. யார் எப்பக்கம் இறங்குகின்றார், எவ்விடத்தில் ரோட்டை விட்டுக் குறுக்கே விழுகின்றார், மழைநாளில் எவ்விடத்தைச் சுற்றிப் போகின்றார் என்பன அங்கே தெரியும். நாற்பதாண்டு கொழுந்து பறித்த பாட்டி ஒருத்தி, எந்தக் கல் வழுக்கும், எந்த மரத்தில் குளவி கட்டும் என்று அறிவாள்; செய்மதிப் படத்தில் அவை தோன்றா. குளவி கொட்டித் தோட்டத்தார் உயிரிழத்தல் இந்நிலத்து ஓயாத் துயர் ஆகலின், அவ்வறிவு சிறிதன்று.

*நாளும் நடப்போர் தலையாக் கொண்டே* என்பது: நாளும் என்பதன் உம்மை முற்றும்மை, ஒருநாளும் ஒழியாது என்றவாறு. தலை, முதன்மை. ஏகாரம் தேற்றம். நாளும் நடப்போர் யாரெனின், கொழுந்துக் கூடையை நெற்றியில் தாங்கிய பட்டியோடு சரிவில் ஏறுவார், பாடசாலைப் பிள்ளைகள், பஸ் தரிப்பிடத்துக்கு இறங்குவார், மருந்து வாங்கப் போகும் முதியோர் என்க. தேயிலை நிரையின் இடைவெளியில் கொழுந்து பறிப்பவளைச் சற்றே நின்று நோக்குக. இடுப்பில் படங்கு, முதுகில் நனைந்த பாரம், காலடியில் கவ்வாத்து வெட்டிய குச்சி. ஒரு காலை ஊன்றிய பின்னரே மறுகாலை எடுக்கின்றாள். நிறுவைக்கு நேரமாகிவிட்டால் நாட்கூலிப் பேர் குறையும் என்னும் அச்சம் அவள் நடையை விரைவிக்கின்றது. வழியின் அகலம், படியின் உயரம், கைப்பிடியின் இடம் ஆகிய மூன்றையும் அவளை அளவாகக் கொண்டு வரைக.

அற்றேல், செலவிடுவோர் வெளிநாட்டார் ஆதலின் அவரை முதலாகக் கொள்ளல் வேண்டாவோ எனின், வேண்டா. வருவோர் நடப்பது நல்ல காலநிலையில், விரும்பிய நாளில். நாளும் நடப்போர் நடப்பது மழையிலும் பனியிலும், விரும்பினும் விரும்பாவிடினும். பின்னவர்க்குப் போதுமானது முன்னவர்க்குத் தானே போதும். முன்னவர்க்குப் போதுமானது பின்னவர்க்குப் போதாது. தேற்ற ஏகாரம் வைத்தது இம்மயக்கம் அறுத்தற்கு. ஹட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் ஏ7 பெருவீதியில், தனி நடைபாதை இல்லாத வளைவுதோறும், மலைக்கும் பஸ்ஸுக்கும் இடையே ஒதுங்கி நிற்கும் பிள்ளைகளைக் கண்டோர்க்கு இவ்விதியின் அவசரம் விளங்கும். காட்சிமுனைக்குப் பலகை நடுதற்கு முன் அவ்வளைவுகளிலேனும் ஒரு நடைபாதை இடுக.

*ஏற்றம் தணித்தும்* என்பது: ஏற்றம், சரிவின் கடுமை. தணித்தல், முற்றும் நீக்குதலன்று, குறைத்தல். மலையில் ஏற்றத்தை ஒழித்தல் ஒருவராலும் ஆகாது. பத்தடி செல்ல ஓரடி உயர்வது நடைவழிக்குப் பொதுவாகக் கொள்ளத்தகும் அளவு. அன்றியும், வழியின் சரிவு அது செல்லும் மலைச்சரிவிற் பாதியை மிகாதிருத்தல் வேண்டும் என்பர் வழியமைப்பறிஞர். மிகின் நீர் வழியைவிட்டு இறங்காது வழியோடே ஓடும். ரயில் இம்மலையேறியது 44இல் 1 என்னும் சரிவை மிகாமற் காத்தே. 1885இல் நானுஓயாவை அடைந்ததும் அப்பொறுமையால். தணிக்க இயலாவிடத்துப் படி கட்டுக. சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணி வழியில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் உள. வயது முதிர்ந்தோரும் ஏறுகின்றனர். இடையிடையே இளைப்பாற இடம் இருத்தலின் அது கூடிற்று.

*நீர்வழி விலக்கியும்* என்பது: நீர்வழி, மழைநீர் இறங்கும் இடம். விலக்குதல், நீரை வழியிலிருந்தும் வழியை நீரிலிருந்தும் விலக்குதல் என இருவகைத்து. நூற்பாவில் மிக நுணுக்கமாக ஓதற்பாலது இத்தொடரே. ஒரு பாதை கெடும் முறைமை இது: முதல் மழையில் நடுவே விரலகலக் கீறல். அடுத்த பருவத்தில் அது சாண் ஆழம். பின் சவுக்கு மரத்து வேர் வெளிப்படும், நடப்போர் பள்ளத்தை விட்டு ஓரத்துப் புல்லில் மிதிப்பர், புல் சாகும், அங்கும் கீறல். சில ஆண்டுகளில் வழி மூன்று மடங்கு அகன்று, எவரும் நடக்க இயலாததாகும். இதனைத் தடுப்பது தோட்டத்தார் அறிந்த தொழிலே. வடிகாலாகிய கான் வெட்டுவோர் மலையைக் குறுக்கே அளந்து நீரை மெல்ல வழிநடத்தும் கைத்திறன் உடையார். வழியின் வெளிப்புறம் சிறிதே சாய்ந்திருக்கவும், ஏறும் வழி இடையிடையே சற்று இறங்கி நீரைக் கழிக்கவும், ஓடை குறுக்கிடுமிடத்து மதகு அமையவும் அவரைக்கொண்டே செய்விக்க. அத்தொழிலுக்கு அவர்க்குத் தக்க கூலியும் தருக.

வழியை நீரிலிருந்து விலக்குதலோ உயிர் காக்கும் விதி. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் பலவிடத்துப் பிளந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயங்களை வரைந்து வைத்துள்ளது. அவ்வரைபடத்தின்மேல் வழியை இட்டுப் பார்த்த பின்னரே முளை அடிக்க. பயன் மற்றொன்றும் உண்டு: எச்சரிக்கை வந்த இரவில் லயத்தார் ஓடித் தப்புவதும் இவ்வழியாலேயே ஆகலின், பாதுகாப்பான இடத்துக்குச் செல்லும் கிளைவழி ஒவ்வொரு லயத்துக்கும் வேண்டும். இது சொல்லாதே பெறப்படும்.

*உருள்செலற்கு இசைந்துழி உருள்வழி வகுத்தும்* என்பது: உருள், சக்கரம், ஈண்டுச் சைக்கிளுக்கு ஆகிவந்தது. இசைந்துழி, பொருந்திய இடத்து. எங்கும் சைக்கிள் வழி இடுக என்னாமை காண்க. கூடையோடு வருபவளும் இறக்கத்தில் வரும் சைக்கிளும் ஒரு முழ அகலத்தில் எதிர்ப்படின் கேடு கூடையோடு வருபவளுக்கே. பொருந்திய இடம் யாதெனின், சரிவு குறைந்த பழைய கரத்தை ரோடும், கைவிட்ட ரயில் தடமும். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்குக் குறுகிய தண்டவாளத்தில் ரயில் ஓடியது. 1903–04இல் திறந்து 1940களில் மூடினர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இத்தகைய தடங்களைச் சைக்கிள் வழியாக்கிப் பயன்கொள்கின்றனர். இராகலைத் தடத்தில் வீடும் வீதியும் ஆகாது எஞ்சிய இடங்களை அளந்து காத்தல் தகும்.

*நிழலும் நீரும் நிலையமும் நிறீஇ* என்பது: நிறீஇ, நிறுத்தி, அளபெடை. உம்மைகள் எண்ணின்கண் வந்தன. நிழல் சவுக்கும் வாகையும் தரும். நீர், குடிநீர். நிலையம், தங்குமிடம், பழைய அம்பலமும் சுமைதாங்கியும் இதன்பாற்படும். மலசலகூடமும் நிலையத்துள் அடங்கும் என்க. மலையில் நாள் முழுதும் நிற்கும் பெண்டிர்க்கு அஃது இன்மை நெடுநாட் குறை. நடைபயணிக்கென ஒன்று கட்டிப் பூட்டுப் போட்டு, பக்கத்து மலையில் பறிப்பவளைப் புதர் தேட விடுதல் இந்நூற்பாவுக்கு முற்றும் மாறானது.

*காப்போர் இன்னார் எனக்கைச் சாத்தின்* என்பது: காத்தல், ஆண்டுதோறும் செப்பனிடுதல். கைச்சாத்துதல், ஒப்பமிட்டுப் பொறுப்பேற்றல். சாத்தின் என்பது நிபந்தனை. இஃது இன்றேல் மேற்சொன்னவை யாவும் வீண். இந்நிலத்தில் இவ்விதி பெரிதும் வேண்டப்படுவது யாங்ஙனமெனின், தோட்டநிலம் 1970களில் அரசுடைமையாகி, 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்தினுள் சபைப் பணம் செலவிடத் தடையாய் நின்றது. வாக்கு சபைக்கு, வழி கம்பனிக்கு. பழுதுற்ற பாதை ஒருவர்க்கும் இல்லை. 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டு, சபை தோட்டத்துக்கும் பணியாற்ற வாயில் திறந்தது. அவ்வாண்டு முதல் கொட்டகலை, அக்கரபத்தனை, நோர்வூட், மஸ்கெலியா முதலியன தனிச் சபைகளாயின. ஆகவே, ஒவ்வொரு கட்டத்துக்கும் கம்பனி எவ்வளவு, சபை எவ்வளவு, மதகு உடையின் எவர் என்று எழுதி இருவரும் ஒப்பமிடுக. அவ்வெழுத்துத் தமிழிலும் சிங்களத்திலும் லயத்துச் சுவரில் ஒட்டப்படுதலும் வேண்டும். காவாதாரைக் கேட்கும் உரிமை நடப்போர்க்கு அதனால் உண்டாம்.

*வருவோர்க்கும் உரித்தே அவ்வழி என்ப* என்பது: வருவோர், பிறவிடத்திலிருந்து வந்து நடப்போர். உம்மை இறந்தது தழீஇயது. நாளும் நடப்போர்க்கு உரித்தாதல் முன்னரே நிலைபெற, வருவோர்க்கும் உரித்து என்றவாறு. இவ்வும்மையை எடுத்துவிடின் நூற்பாவின் பொருள் தலைகீழாகும். வருவோர் தரும் கட்டணத்தில் ஒரு பங்கு அவ்வக் கட்டத்தின் லயத்தார்க்குச் சேர்தல், வழிகாட்டும் தொழில் தோட்டத்து இளைஞர்க்கு முதலில் கிடைத்தல், உணவும் தங்கலும் அவர் கையால் அமைதல் ஆகியன உரித்து என்னும் சொல்லினுள் அடங்கும். லயத்து வாசலில் நிற்கும் பிள்ளையைக் கேளாது படம் பிடித்தலும், கோயிலுள் செருப்போடு புகுதலும் அவ்வுரிமையுள் அடங்கா. அவ்வழி என்ற சுட்டு, மேற்கூறிய இலக்கணம் யாவும் நிரம்பிய வழியையே சுட்டிற்று. ஒன்று குறையினும் அது பிறிதொரு வழி. என்ப என்றது பலர் துணிபு இஃது என்றற்கு.