பாபநாசம் (திரைப்படம்)

பாபநாசம், 2015 ஜூலை 3 அன்று வெளிவந்த தமிழ்க் குற்றப்புலனாய்வுப் படம். இயக்கம் ஜீத்து ஜோசப். 2013இல் அவரே மலையாளத்தில் எடுத்த ‘திருஷ்யம்’ படத்தின் மறுஆக்கம். வசனம் ஜெயமோகன், இசை ஜிப்ரான். கமல்ஹாசன், கௌதமி, நிவேதா தாமஸ், ஆஷா சரத், கலாபவன் மணி ஆகியோர் நடித்தனர்.

குளிக்கும்போது எடுத்த படத்தைக் காட்டி மிரட்டும் இளைஞன் வருணை, பள்ளி மாணவி செல்வி தடுக்கப்போய் அடிக்க, அவன் இறந்துவிடுகிறான். அவன் தாய் காவல்துறை உயரதிகாரி. செல்வியின் தந்தை சுயம்புலிங்கம் கேபிள் டிவி நடத்துபவர். படிப்பு குறைவு, பார்த்த சினிமாக்கள் ஏராளம். குடும்பமே அன்று வெளியூரில் இருந்ததாகக் காட்டப் பேருந்துச் சீட்டு, ஓட்டல் ரசீது, சினிமா டிக்கெட் எனத் தடயங்களைச் சேர்க்கிறார். சாட்சிகள் பொய் சொல்வதில்லை. அவர்கள் நினைவில் தேதிதான் மாறிக் கிடக்கிறது. கதையின் மூளையே இதுதான். சடலத்தைத் தேடிப் போலீசார் குழி தோண்டினால் கிடைப்பது ஒரு விலங்கின் உடல். வருணின் சடலமோ புதிய காவல்நிலையக் கட்டடத்துக்கு அடியில்.

இந்தக் கதைக்கு நேர்மாறாக, அறிவைக் காட்டவே ‘பிடிபடாத கொலை’ செய்ய முயலும் இளைஞர்களின் கதை அமெரிக்காவில் பழையது. 1924இல் சிகாகோவில் லியோபோல்ட், லோப் என்ற இரு மாணவர்கள் ஒரு சிறுவனைக் கொன்றனர். இயக்குநர் ஹிட்ச்காக்கின் ‘ரோப்’ (1948) படம் அந்தச் சாயல் கொண்டது. பாபநாசத்தில் கொலை திட்டமிட்டதல்ல, மறைப்பு மட்டுமே திட்டம். பார்வையாளர் குற்றவாளியின் பக்கம் நிற்பது அதனால்தான்.

நெல்லை வட்டார வழக்கைக் கமல் பேசிய விதம் படத்தின் பெரும் பலம். மூலக்கதை தெலுங்கு, கன்னடம், இந்தி, சிங்களம், சீனம் ஆகிய மொழிகளிலும் படமானது.