சிப்பமும் கட்டுக்கம்பியும்: மன்னார்க் கரையின் ஒரு சிறு வரலாறு

வரலாறு எழுதுவோர் கப்பலைப் பற்றி எழுதுவர்; கப்பலில் ஏறிய சரக்கைப் பற்றியும் எழுதுவர். அந்தச் சரக்கை எதனால் கட்டினார்கள் என்று எவரும் அதிகம் எழுதுவதில்லை. மன்னார்த் தீவிலும் அதன் எதிர்க்கரையிலும் சேரும் பிளாஸ்டிக் போத்தல்களை அமுக்கிக் கட்ட எந்தக் கம்பி ஏற்றது என்பது இன்று கடைக்காரரிடம் கேட்கும் கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் போத்தல் கொழும்புக்குப் போகுமா, குழியில் கிடந்து எரியுமா என்பதை அந்தக் கம்பியும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இக்கேள்வி இக்கரைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதையே இங்கு எழுத விழைகிறேன்.

மாந்தை என்னும் மாதோட்டம் பழம்பெரும் துறைமுகம். 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் நடந்த அகழாய்வில் சீனத்து மட்பாண்டங்களும் மேற்காசிய மட்பாண்டங்களும் அங்கு கிடைத்தன. மட்பாண்டம் எஞ்சியது, அதைச் சுற்றிய வைக்கோலும் கயிறும் எஞ்சவில்லை. பிற்காலத்து வழக்கத்தை நாம் அறிவோம். கருவாடு பனையோலைப் பாயிலும் உமலிலும் பொதியப்பட்டு, நாரினாலோ தென்னந்தும்புக் கயிற்றினாலோ கட்டப்பட்டது. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குச் சிப்பம் சிப்பமாகச் சென்றது. இவற்றைக் கட்டக் கயிறே போதுமானதாயிருந்தது. கருவாட்டை அடுக்கிக் கட்டினால் அது அடங்கிக் கிடக்கும். கட்டை எதிர்த்து விம்மாது. தும்புக் கயிறு உப்பு நீரையும் தாங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. கப்பற் கூலி, சரக்கு அடைத்துக்கொள்ளும் இடத்தைப் பொறுத்தும் அமைந்தமையால், பஞ்சையும் தும்பையும் இயந்திரத்தால் அமுக்கிச் சிறிதாக்கத் தொடங்கினர். அமுக்கிய பஞ்சு வெளியே வர முண்டும். கயிறு நெகிழ்ந்து கொடுக்கும். ஆகவே அமெரிக்கப் பருத்தி வணிகத்தில் அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் கயிற்றின் இடத்தை இரும்புப் பட்டி பிடித்தது. 1870களில் அறுவடை இயந்திரங்கள் கதிர்க்கட்டுகளைக் கம்பியால் கட்டின. அறுந்த கம்பித் துண்டுகள் வைக்கோலோடு சேர்ந்து கால்நடைகளின் வயிற்றுக்குள் போயின, உழவர் வெறுத்தனர். ஜோன் அப்பிள்பி என்பவர் நூற்கயிற்றால் முடிச்சுப் போடும் பொறியை ஆக்கியதும் கதிர்க்கட்டில் கம்பி பின்வாங்கியது. அழுத்தம் மிகுந்த சரக்கில் மட்டும் அது நிலைத்தது. கட்டு அறுந்தால் துன்பம் யாருக்கு என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பல் சேவையும் தொடங்கியபோது மன்னார் இரு நாடுகளுக்கிடையிலான வாசலாயிற்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1980களில் நின்றது. 1990இல் புகையிரதம் நின்றது. போர்க்காலத்தில் தண்டவாளங்கள் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2015இலேயே புகையிரதம் மீண்டும் தலைமன்னாரை அடைந்தது. போர் முடிந்த பின்னர் வன்னியிலிருந்து பழைய இரும்பு லொறி லொறியாகத் தெற்கே சென்றதைக் கண்டோம். அந்த வணிகத்துக்குக் கட்டுக்கம்பி தேவைப்படவில்லை. அமுக்கிய இரும்பு அமுக்கிய வடிவிலேயே நின்றுவிடும்.

பிளாஸ்டிக் போத்தல் அவ்வாறன்று. கையால் நசுக்கிப் பாருங்கள். விட்டதும் பாதியளவு நிமிரும். மூடி இறுக்கியிருந்தால் உள்ளிருக்கும் காற்று நசுங்கவே விடாது. அமுக்காமல் ஏற்றினால் லொறி சுமப்பது பெரும்பாலும் காற்றையே. மன்னாரிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 300 கிலோமீற்றர். போத்தலை நூலாக்கும் இக்கோ ஸ்பின்டில்ஸ் தொழிற்சாலை உள்ள ஹொரணை இன்னும் அப்பால். அவ்வளவு தூரம் காற்றைச் சுமந்து சென்றால் எரிபொருட் செலவே மிஞ்சும். இக்கரைக்குத் தன் குப்பை மட்டுமன்று, பிறர் குப்பையும் வருகிறது. 2025 மே 25ஆம் திகதி கேரளக் கரைக்கப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கிய பின்னர், ஜூன் மாதத்தில் அதன் பிளாஸ்டிக் குருணைகள் மன்னார்க் கரையிலும் ஒதுங்கின.

இனிக் கம்பிக்கு வருவோம். கம்பியின் பருமனைக் கேஜ் எண்ணால் சொல்வர்; எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். நம் நாட்டில் வழங்கும் பிரித்தானிய அளவையில் 14ஆம் எண் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர், 12ஆம் எண் 2.6, 10ஆம் எண் 3.25. கொத்தனார் கூரைக் கொங்கிறீற்றுக்குக் கம்பி முடையும் கட்டுக்கம்பி 18ஆம் எண், 1.2 மில்லிமீற்றரே. ஒரு சேகரிப்பு நிலையத்தில் விலை மலிவென்று அதையே வாங்கி நான்கு சுற்றுச் சுற்றியிருந்ததைப் பார்த்தேன். அமுக்கியின் கதவைத் திறந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. சிறிய அமுக்கியில் கட்டும் அட்டைப் பெட்டிகளுக்கு 14 அல்லது 13 பெரும்பாலும் போதும். விம்மும் போத்தலுக்கு 12 அல்லது அதனினும் தடித்தது வேண்டும். எத்தனை கம்பி, எந்த அளவு என்பதை இயந்திரத்தோடு வரும் கையேடு சொல்லும், அதை மீறலாகாது.

பருமன் மட்டும் போதாது. உலையில் சுட்டு மெல்ல ஆறவிட்ட கறுப்புக் கம்பி கையால் வளைக்க இலகுவானது. அறுவதற்கு முன் சற்று நீண்டு கொடுக்கும். கையால் கட்டுவோருக்கு அதுவே பொருந்தும். ஆனால் கடற்காற்றில் விரைவில் துருவேறும். கொழும்பில் கட்டிய சிப்பம் இரண்டு நாளில் ஆலைக்குப் போய்விடும். மன்னாரில் ஒரு லொறி நிரம்பும்வரை வாரக்கணக்கில் முற்றத்தில் கிடக்கும். ஆகவே இங்கு நாகம் பூசிய மென்கம்பிக்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீணன்று. அது கட்டுப்படியாகாதெனில், எண்ணெய் தடவிய கறுப்புக் கம்பியை நிலத்தில் படாமல் கூரைக்குள் வைத்து, அன்றன்று வேண்டியதை மட்டும் எடுக்கலாம். சிப்பங்களையும் மணலில் வைக்காமல் பலகை மேல் அடுக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் விரிவாக எழுதக் காரணம் உண்டு. விசையோடு அறும் கம்பி சவுக்கைப்போல் வீசும். அது படுவது அருகில் நிற்பவரின் முகத்திலும் கண்ணிலும்தான். அங்கு நிற்பவர் பெரும்பாலும் நாட்கூலிக்கு வேலை செய்பவர். கம்பிக்கு விலைமனுக் கோரும் அலுவலர்கள் கிலோ விலையோடு கேஜ் எண்ணையும் பூச்சையும் எழுதிக் கேட்கட்டும். கூடவே கண்ணாடிக்கும் கையுறைக்கும் ஒரு வரி சேர்க்கட்டும். கட்டை வெட்டுபவர் சிப்பத்துக்கு நேரே நில்லாமல் பக்கவாட்டில் நிற்கும்படி முதல் நாளே சொல்லிக் கொடுக்கட்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை.