மூலையில் ஒரு பூட்டு

1957 அக்டோபர். அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்தில் 'கேட்வே சிட்டி' என்ற கப்பல் கிளம்பத் தயாராக நின்றது. கீத் டாண்ட்லிங்கர் என்ற பொறியாளர், பிள்ளைகள் பொம்மை பிடிக்கும் களிமண்ணைக் கடையில் இருந்ததையெல்லாம் வாங்கிவந்தார். கப்பலின் உள்ளறையில் கன்டெய்னரின் மூலைக்கும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையே இருந்த சந்துகளில் அதைத் துண்டு துண்டாகச் செருகினார். மயாமியில் எடுத்துப் பார்த்தபோது, கடலின் ஆட்டம் களிமண்ணில் பதிந்திருந்தது: பெட்டிகள் அசைந்தது அங்குலத்தில் மூன்றிலொரு பங்குகூட இல்லை.

மேல்தளத்தில் பிடித்துக்கொள்ள அந்தச் சட்டங்கள் கிடையாது. காற்றும் அலையும் நேராக மோதும் இடம் அது. அதற்காக டாண்ட்லிங்கர் வடிவமைத்ததுதான் ட்விஸ்ட்லாக். ஒவ்வொரு பெட்டியின் எட்டு மூலையிலும் துளையுள்ள இரும்பு வார்ப்பு. அடுக்கிய இரு பெட்டிகளின் துளைகளுக்குள் பூட்டின் கூம்புத்தலை புகும். கைப்பிடியைத் திருப்பினால் தலை குறுக்கே நின்று இரண்டையும் கவ்விக்கொள்ளும். அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய வருஷம், 1956 ஏப்ரல் 26 அன்று, டாண்ட்லிங்கரின் முதலாளி மால்கம் மெக்லீனின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 பெட்டிகளை மேல்தளத்தில் சுமந்து ஹூஸ்டனுக்குப் போனது. கன்டெய்னர் யுகத்தின் பிறந்தநாளாக அதைத்தான் சொல்வார்கள். ஆனால் பெட்டியை உலகெங்கும் கொண்டுசேர்த்தது மூலைப்பூட்டே என்று சொல்லலாம். 1963-இல் மெக்லீனின் நிறுவனம் அதன் காப்புரிமையை விட்டுக்கொடுத்தது. அந்தப் பெருந்தன்மை இல்லாமல், ஒரு நிறுவனத்தின் பெட்டியை இன்னொரு நிறுவனத்தின் கப்பலில் பூட்டுவது எளிதாக நடந்திருக்காது.

அடுக்குகள் உயர்ந்தன. கீழ் அடுக்குகளைக் குறுக்குக் கம்பிகளால் தளத்தோடு முறுக்கிக் கட்டலாம்; துறைமுகத் தொழிலாளர்கள் லாஷிங் என்பது இதைத்தான். அந்தக் கம்பிகள் எட்டாத உயரத்தில் பெட்டிகளுக்குப் பூட்டு மட்டுமே துணை.

2019 ஜனவரி முதல் இரண்டு நாட்களில், நெதர்லாந்துத் தீவுகளுக்கு அருகே 'எம்எஸ்சி ஸோயி' என்ற கப்பல் 342 கன்டெய்னர்களைக் கடலில் இழந்தது. கப்பல் கவிழும் நிலையில் இல்லை. நேர்மாறாக, அதன் நிலைத்தன்மை மிக அதிகமாக இருந்தது. அப்படிப்பட்ட கப்பல் சாய்ந்தால் வெடுக்கென்று நிமிரும். அந்த உதறலில் மேலே உள்ள பெட்டிகள் பக்கவாட்டில் வீசப்படும். கட்டும் பூட்டும் அதற்கு ஈடுகொடுக்காமல் போகலாம். ஆழம் குறைந்த அந்தக் கடற்பாதையின் அலைகளும் சேர்ந்துகொண்டன. பொம்மைகளும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் பிளாஸ்டிக் குருணைகளும் கரையொதுங்க, சிறிய தீவொன்றில் கடற்கரையைச் சுத்தம் செய்ய ராணுவ வீரர்களை அனுப்பவேண்டியதாயிற்று.

அடுத்த வருஷமே, 2020 நவம்பர் 30 அன்று, பசிபிக்கில் 'ஒன் ஏபஸ்' ஒரே புயலில் 1,800-க்கும் மேற்பட்ட பெட்டிகளை இழந்தது. கடலில் விழுந்த எல்லாக் கன்டெய்னரும் உடனே மூழ்கிவிடுவதில்லை. நீர்மட்டத்தோடு மிதந்தால் இரவில் மீன்பிடிப் படகுக்கு அது கண்ணுக்குத் தெரியாத பாறை. பெட்டி விழுந்தால் அருகிலுள்ள கப்பல்களுக்கும் கரையோர நாட்டுக்கும் தாமதமின்றிச் சொல்லியே ஆகவேண்டும் என்ற சர்வதேச விதி, 2026 ஜனவரி 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது.