பிணியாளரின் சம்மதம்

நோய்க் காப்புறுதிச் சங்கமொன்று முறிந்தால் நட்டத்தைச் சுமப்பவர் யார்? இவ்வினாவுக்குச் சட்டம் அளித்த விடைகளை இங்கிலாந்துத் தொழிலாளரின் சகாய சங்கங்களது வரலாற்றிற் காண்கிறோம்.

இச்சங்கங்களிற் பல, வயது வேறுபாடு பாராது ஒரே சந்தாவை அறவிட்டன. உறுப்பினர் மூப்படைய, நோயுற்றோர்க்கு வழங்கும் படி பெருகியது. இளைஞரோ புதிய சங்கங்களை நாடினர். நிதி வற்றுமுன் எஞ்சியதைப் பங்கிட்டுக் கலையப் பெரும்பான்மையோர் விரும்பின் நோயாளியின் கதி யாது? 1793ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத் தடை விதித்தது. ஆறில் ஐந்து பங்கினர் இசைந்தாற் போதாது. பிணியாலும் மூப்பாலும் உதவி பெறுவோர் அனைவரும் இசைதல் வேண்டும்.

1875ஆம் ஆண்டுச் சட்டம், பதிவுபெற்ற சங்கங்கள் ஐந்தாண்டுக்கொருமுறை சொத்தையும் பொறுப்பையும் மதிப்பிடப் பணித்தது. நிதி போதாதெனச் சிறு சங்கமொன்றின் ஐந்திலொரு பங்கினர் முறையிடின், பதிவாளர் விசாரித்து அதனைக் கலைக்கலாம். எஞ்சிய பணத்தைப் பங்கிடும் முறையையும் ஆணையிடலாம்.

ஆயின் சட்டம் இருந்த பணத்தைப் பங்கிட்டதேயன்றி, இல்லாத பணத்தை ஆக்கவில்லை. 1911ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளியையும் அரசையும் பங்களிக்கச் செய்தது. எனினும் சங்கந்தோறும் நிதி தனித்தே நின்றது. 1948 யூலை 5இலேயே நோய்க்காலப் படி நாடு தழுவிய ஒரே நிதியின் பொறுப்பாயிற்று. வறியவர் தம்முள் மட்டும் பகிர்ந்த சுமையை முழுச் சமுதாயமும் ஏற்கும்போதே பிணியாளரின் உரிமை உறுதிபெறுகிறது என்பதே நாம் இவ்வரலாற்றிற் பெறும் பாடம்.