களத்துக்கு உண்டு, அளத்துக்கு இல்லை

ஊரின் பொதுநிலங்களில் எவையெவை ஊராட்சியின் பொறுப்பு என்று தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஒரு பட்டியல் தருகிறது. மேய்ச்சல் புறம்போக்கு, நெல்லடிக்கும் களம், சுடுகாடு, இடுகாடு, மாட்டுமந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகியவை அதில் உள்ளன. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்தப் பட்டியலை 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. ஏரியும் வயலும் சூழ்ந்த உள்நாட்டு ஊர் ஒன்றை மனத்தில் வைத்து எழுதியவர்களுக்கு இது நிறைவான பட்டியல்தான். அனுமந்தையில் நின்று படித்தால் அதன் குறை தெரியும். கிழக்கே குப்பமும் கடலும், மேற்கே கழுவெளியின் உவர்நீர்ப் பரப்பு, வடக்கே மரக்காணம் வரை உப்பளங்கள் என்று இருக்கும் ஊர் அது. சுற்று வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடும் அளம் அந்தப் பட்டியலில் இல்லை. விழுப்புரம் மாவட்டத்தின் இந்தக் கரையில் வீடு, சாலை, குடிநீர் பற்றிய பெரிய முடிவுகள் ஊருக்கு வெளியிலேயே எடுக்கப்பட்டு வந்ததற்கு ஊராட்சித் தலைவர்களின் திறமைக் குறைவைக் காரணமாகச் சொல்வது வழக்கம். அது மூலகாரணம் அன்று என்பது என் வாதம். இருநூறு ஆண்டுகளாக இங்கே நிலத்தின் அதிகாரம் ஒரு கையிலும் ஊரின் பொறுப்பு இன்னொரு கையிலும் இருந்து வருகின்றன. இந்தப் பிரிவினை திட்டமிட்டு உண்டாக்கப்பட்டது.

மரக்காணம் பழைய துறைமுகம். சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினத்தையும், கிரேக்க மாலுமியின் பெரிப்ளூஸ் குறிப்பில் வரும் சோபட்மாவையும் அறிஞர்கள் பலர் இவ்விடத்தோடு பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். சோழர் காலப் பூமீசுவரர் கோயில் இன்றும் இருக்கிறது. நம் கதைக்கு வேண்டியது அதற்கு வெகுகாலம் பிந்திய ஒரு முடிவு. 1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. யார் விளைவிக்கலாம், எங்கே விளைவிக்கலாம், என்ன விலைக்குக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் அதன் அதிகாரிகள் தீர்மானித்தார்கள். அனுமதியில்லாமல் உப்பு எடுப்பது குற்றமானது. கடற்கரை ஊரின் மண்ணில் வெயில் காயவைத்த உப்பைக் கையில் எடுக்கவே உரிமம் வேண்டியிருந்தபோது, அந்த மண்ணை என்ன செய்வது என்று ஊர் கூடிப் பேச என்ன இருந்திருக்கும்? பிறகு வந்த கால்வாயும் இதே தடத்தில்தான் வெட்டப்பட்டது. 1806-இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய அந்த நீர்வழி மெல்ல மெல்ல நீண்டது. 1876 முதல் 1878 வரை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்களின் உழைப்பில் சென்னை நகரத்துப் பகுதி வெட்டப்பட்டு, அன்றைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆனது. ஆந்திரத்தின் பெத்த கஞ்சாமில் தொடங்கி ஏறத்தாழ 420 கிலோமீட்டர் ஓடி மரக்காணத்தில் முடிகிறது. நெல், விறகோடு உப்பும் அதில் படகேறிச் சென்னைக்குப் போனது. வழியைப் பராமரித்தது பொதுப்பணித் துறை, சரக்கைக் காத்தது உப்புத் துறை. கரையில் இருந்த ஊர்களுக்கு அதில் கிடைத்த பங்கு கூலி மட்டுமே.

உள்ளாட்சி என்ற எண்ணம் இந்த நாட்டில் சட்டமாக உருவெடுத்தபோது உப்புக் கரை எப்படி விடுபட்டது என்பது இந்த வரலாற்றின் மையம். ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானமும், அதைத் தொடர்ந்த 1884-ஆம் ஆண்டுச் சென்னை உள்ளாட்சி வாரியச் சட்டமும் மாவட்ட வாரியம், தாலுகா வாரியம், யூனியன் என்று அடுக்கு கட்டின. சாலை, பள்ளி, மருத்துவமனை, துப்புரவு அவற்றின் வேலை. ஐந்தே ஆண்டுகளில், 1889-இல், சென்னை உப்புச் சட்டம் தனியாக வந்து அளத்தின் மீதான அரசின் பிடியை இறுக்கியது. அடுத்து 1919-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம். இரட்டை ஆட்சி முறையைக் கொண்டுவந்த அந்தச் சீர்திருத்தத்தில் உள்ளாட்சி மாகாண அமைச்சர்களிடம் விடப்பட்டது. உப்பு மத்திய அரசின் இனமாக வைக்கப்பட்டது. ஒரே சீர்திருத்தம் ஊரை ஒரு பக்கமும் ஊரின் வருமானத்தை மறுபக்கமும் பிரித்துப் போட்டது. தஞ்சைப் பக்கத்து ஊருக்கு இதனால் பெரிய இழப்பு இல்லை. மரக்காணம் போன்ற கரைக்கு இதுவே தலையெழுத்தாகிவிட்டது. விடுதலைக்குப் பின்னும் இந்தக் கோடு அழியவில்லை. அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உப்பு மத்தியப் பட்டியலின் 58-ஆவது இனம். உள்ளாட்சி மாநிலப் பட்டியலின் 5-ஆவது இனம்.

ஒரே ஒரு முறை சட்டம் வேறு விதமாகப் பேசியது. 1930 ஏப்ரலில் வேதாரண்யத்தில் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளியவர்கள் சிறை சென்றார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 1931 மார்ச் 5 அன்று, காந்தி–இர்வின் உடன்பாடு கையெழுத்தானது. உப்பு கிடைக்கும் இடங்களை ஒட்டிய ஊர்களின் மக்கள் வீட்டுத் தேவைக்கும், ஊருக்குள் விற்பதற்கும் உப்பு எடுக்கலாம், காய்ச்சலாம் என்று அது ஒப்புக்கொண்டது. வெளியூர்க்காரருக்கு விற்கக் கூடாது. இந்தச் சலுகையை அற்பம் என்று அன்று பலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். எனக்கு அது அற்பமாகத் தோன்றவில்லை. 126 ஆண்டுகளுக்குப் பிறகு ஊர் என்ற எல்லை உப்பு விதியில் உரிமையின் எல்லையாக இடம்பெற்றது. தனி மனிதர், ஒப்பந்தக்காரர், துறை என்ற மூவரோடு நான்காவதாக ஊரும் கணக்கில் வந்தது. 1947 ஏப்ரல் 1-இல் உப்பு வரி ஒழிந்தது. மறு ஆண்டு பத்து ஏக்கர் வரை உரிமமே வேண்டாம் என்றானது. இரண்டும் நல்ல முடிவுகள். ஆனால் இரண்டும் உற்பத்தி செய்பவருக்கு அளித்த விடுதலைகள். 1931-இல் தலைகாட்டிய ஊரின் உரிமை அதன் பிறகு எந்தச் சட்டத்திலும் வளரவில்லை.

இதன் விளைவை ஊராட்சியின் வரவுப் புத்தகத்தில் பார்க்கலாம். கிராம ஊராட்சியின் சொந்த வருமானம் வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், நிலவரியோடு வசூலாகும் செஸ் ஆகியவற்றிலிருந்து வருகிறது. மரக்காணத்தில் உப்பளம் மூவாயிரம் ஏக்கருக்கும் மேல். நிலம் மத்திய, மாநில அரசுகளுடையது. மத்திய அரசின் அளத்தில் குத்தகைக்காரர் செலுத்தும் தரைவாடகையும், டன்னுக்கு இவ்வளவு என்ற கட்டணமும் ஜெய்ப்பூரைத் தலைமையகமாகக் கொண்ட உப்பு ஆணையரின் கணக்கில் சேர்கின்றன. மத்திய அரசின் சொத்துக்கு மாநிலமோ உள்ளாட்சியோ வரி போட முடியாது என்று அரசியல் சட்டத்தின் 285-ஆவது பிரிவு தடுக்கிறது. ஆக, பாத்தி மிதித்து, உப்பு வாரி, தலைச்சுமையாய்க் கரையேற்றும் தொழிலாளியின் குடிசைக்கு வீட்டு வரி உண்டு. அவர் உழைக்கும் நிலத்திலிருந்து அவர் தெருவிளக்குக்கு ஒரு காசும் வராது. லாரி உடைக்கும் சாலையும், கோடையில் உவர்ப்பேறும் கிணறும், பருவமழையில் வேலையற்றுப் போகும் மாதங்களும் ஊரின் பாடு. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான அந்த மாதங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணத்தை மாநில அரசு 2022-இல்தான் தொடங்கியது. நகரங்களுக்கு இதே சிக்கலில் ஒரு வழி பிறந்திருக்கிறது. ராஜ்கோட் மாநகராட்சி தொடர்ந்த வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றத்தில், மத்திய அரசுக் கட்டடங்கள் வரி கட்டாவிட்டாலும் பெறும் வசதிகளுக்கேற்ப சேவைக் கட்டணம் செலுத்துவதென்று முடிவானது. சொத்து வரியில் மூன்றில் ஒரு பங்கு, பாதி, முக்கால் என்று அளவும் குறிக்கப்பட்டது. ரயில் நிலையத்துக்குப் பொருந்தும் நியாயம் உப்பளத்துக்கு ஏன் பொருந்தாது?

வீட்டு விஷயத்தில் இந்தப் பிரிவினை எவ்வளவு ஆழமானது என்பதை 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை காட்டியது. அனுமந்தைகுப்பம் உட்பட இம்மாவட்டத்தின் பத்தொன்பது மீனவ ஊர்களும் அந்தக் கரையில்தான் இருக்கின்றன. மறுகுடியமர்வுக்கான விதியை 2005 மார்ச் 30 தேதியிட்ட அரசாணை எண் 172 வகுத்தது. சுமார் 1,30,000 வீடுகள்; ஒவ்வொன்றும் 300 முதல் 325 சதுர அடி; மதிப்பு ஒன்றரை லட்சம் ரூபாய். உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்போர் உள்ளே நகர ஒப்பினால் புதுவீடு கிடைக்கும், பழைய இடத்தை அரசிடம் விட்டுவிட வேண்டும். நகர மறுத்தால் இருந்துகொள்ளலாம், உதவி கிடையாது. குறைந்த காலத்தில் இவ்வளவு பெரிய வேலையைத் தொடங்கிய அரசின் வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் கவனியுங்கள்: இடத்தைத் தேர்ந்தவர் ஆட்சியர், கட்டியவை பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள், பயனாளிப் பட்டியலுக்கு அவர்கள் கலந்து பேசியது குப்பத்து ஊர்ப் பஞ்சாயத்தாரோடு. தேர்ந்தெடுக்கப்பட்ட கிராம ஊராட்சி இந்த வரிசையில் எங்கும் முடிவெடுக்கும் இடத்தில் இல்லை. வீடுகளை ஒப்படைத்தபின் குழாய், சாக்கடை, விளக்கு எல்லாவற்றையும் காலம் முழுதும் பேணும் கடமை மட்டும் அதனிடம் வந்தது. கடலை ஒட்டிய குப்பமாவது தன் ஊர்க்கட்டின் வழியாகப் பேச முடிந்தது. அளத்துத் தொழிலாளருக்கு அப்படி ஓர் அமைப்பும் இல்லை. அந்த வீட்டுத் திட்டத்தில் அவர்களுக்கு இடமும் இல்லை.

சாலையும் நீர்நிலையும் இதே கதை. கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் ஏற்று, 2002-இல் சுங்கம் வசூலிக்கத் தொடங்கியது. அனுமந்தை என்ற பெயரை வெளியூரார் பலர் அறிந்தது அங்கிருந்த சுங்கச்சாவடியால்தான். மேற்கே கழுவெளியை 2008-இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்று காக்கிநாடா–புதுச்சேரி தேசிய நீர்வழியின் பகுதியாக்கியது. 2021 டிசம்பரில் அதே கழுவெளியில் வானூர், மரக்காணம் வட்டங்களைச் சேர்ந்த 5,151.6 ஹெக்டேர் பறவைகள் சரணாலயமானது. படகு விட ஒரு முடிவு, பறவை காக்க இன்னொரு முடிவு. இரண்டும் ஒரே தண்ணீரின் மேல், பதின்மூன்று ஆண்டு இடைவெளியில்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ஊராட்சியிடம் கொடுத்தால் உப்பளம் இறால் பண்ணையாகும், மனையாகும். துறையின் கையில் இருந்ததால்தான் இவ்வளவு நிலம் தப்பியது என்பார்கள். தப்பியது உண்மை. ஆனால் தப்பவைத்தது யார்? உப்பள நிலத்தை இறால் குட்டையாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது, காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் கடலோர ஊர்மக்களின் சார்பில் தொடுத்த வழக்கில். கேட்டவர்கள் ஊரார். மறுபக்கம், மத்திய உரிமை என்பது நிரந்தரக் காப்பு அன்று என்பதற்கு மும்பை சான்று. 2024 செப்டம்பரில் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளின் 255.9 ஏக்கர் உப்பள நிலம் தாராவி மறுகுடியமர்வு வீடுகளுக்கென்று முடிவானது. ஏழைக்கு வீடு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. வெள்ளம் வாங்கும் தாழ்நிலத்தின் விதியை அங்கு வாழ்வோரைக் கேட்காமலே மாற்ற முடிகிறது என்பதுதான் அச்சம் தருகிறது. பாதுகாப்பு சட்டத்தில் இருக்கட்டும், தடைகள் இருக்கட்டும். அவற்றுக்குள் ஊருக்கும் குரல் இருப்பதால் நிலம் பலவீனமாகாது.

இன்னொரு மறுப்பு சாதி பற்றியது. இதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். ஊராட்சிக்கு அதிகாரம் போனால் ஊரில் பலமுள்ளவர் கைக்குத்தான் போகும், அளத்தில் கூலிக்கு நிற்கும் தலித் பெண்ணுக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வி அனுபவத்திலிருந்து வருகிறது. ஆனால் ஒப்பிட வேண்டியது எதோடு? 1994 சட்டத்தில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு உண்டு; பெண்களுக்கு 2016 முதல் பாதி இடங்கள். குத்தகை முடிவாகும் அலுவலகத்தில் அந்தத் தொழிலாளிக்கு ஒரு நாற்காலியும் இல்லை. குப்பத்து ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்ணுக்கு இடமில்லை. குறையுள்ள மன்றத்தில் ஓட்டு இருப்பது மன்றமே இல்லாமல் மனு எழுதுவதைவிட மேல்.

அந்த மன்றத்தையும் இந்த மாவட்டம் நீண்டகாலம் இழந்திருந்தது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் தேர்தல் நடக்கவில்லை. 2019 டிசம்பரில் இருபத்தேழு மாவட்டங்களில் நடந்தபோதும், கள்ளக்குறிச்சி பிரிந்ததால் விழுப்புரம் விடுபட்டது. 2021 அக்டோபரில்தான் வாக்குப்பதிவு. ஐந்து ஆண்டுகள் தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினார்கள். 2021-இல் தேர்வான மன்றங்களின் காலம் 2026 அக்டோபரோடு முடிகிறது. அடுத்து வரும் மன்றம் கேட்க வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. அளத்துக் குத்தகை புதுப்பிக்கப்படும்போது கிராம சபையின் கருத்து எழுத்தில் பெறப்பட வேண்டும். கழுவெளிச் சரணாலயத்தின் மேலாண்மைத் திட்டம் தமிழில் சபை முன் வைக்கப்பட வேண்டும். தரைவாடகையில் ஒரு பங்கு சேவைக் கட்டணமாக அந்தந்த ஊராட்சிக்கு வர வேண்டும். முதல் இரண்டுக்கும் சட்டத்திருத்தம்கூட வேண்டாம், துறைகளின் சுற்றறிக்கை போதும். மூன்றாவதற்கு மாநில அரசு உப்பு ஆணையரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியிருக்கும்.