உப்பு நடந்த பாதை

தை மாதத்து ராத்திரி. நத்தத்திலிருந்து திண்டுக்கல் வரும் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். மணி மூன்றரை இருக்கும். நல்ல பனி. முதலில் மணிச் சத்தம் கேட்டது. அப்புறம் டார்ச் வெளிச்சத்தில் மயில் இறகு மின்னியது. ஒன்று, இரண்டு, பத்து, ஐம்பது என்று காவடிகள் வந்துகொண்டே இருந்தன. செட்டிநாட்டிலிருந்து பழநிக்குப் போகிற நகரத்தார் காவடி.

கூட்டத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி, மரத்தடியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காலில் செருப்பு இல்லை. கட்டை விரலில் துணி சுற்றியிருந்தது.

"கால் வலிக்கலையா ஆச்சி?"

"வலிக்கத்தான் செய்யும். ஒக்காந்தாத்தான் தம்பி வலி தெரியும். நடந்துக்கிட்டே இருந்தா ஒண்ணும் தெரியாது" என்றவர், ரோட்டைப் பார்த்துச் சொன்னார்: "சின்னப் புள்ளையில எங்க அப்பச்சியோட வந்தப்ப இந்தப் பக்கமெல்லாம் கம்மாக்கரை மேலதான் நடப்போம். பாதி வழிக்கு ரோடே கண்ணுல படாது. தாகம் எடுத்தா கரையை விட்டு எறங்குனாப் போதும். இப்ப பாரு, பாட்டில் தூக்கிட்டுத் திரியுறோம்."

அவர் எழுந்து போய்விட்டார். 'கம்மாக்கரை மேல நடப்போம்' என்றாரே, அந்த ஒரு வரி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு தேடப் போனால், அது கடற்கரை வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது!

இந்தக் காவடி தொடங்கியதே உப்பால்தான் என்று நகரத்தார் சொல்வார்கள். சுமார் நானூறு வருஷத்துக்கு முன்னால் செட்டிநாட்டு வியாபாரிகள் பழநிக்கு உப்புக் கொண்டுபோய் விற்றார்கள். லாபத்தில் ஒரு பங்கை முருகனுக்கு மகமையாக எடுத்துவைத்தார்கள். வியாபாரத்துக்குப் போன நடை, கொஞ்சம் கொஞ்சமாக வேண்டுதலுக்குப் போகிற நடையாக மாறியது.

யோசித்துப் பாருங்கள். திண்டுக்கல் சமவெளியில் நெல் விளையும், சோளம் விளையும், புகையிலை விளையும். உப்பு விளையாது. ஒரு கல் உப்பு வேண்டுமானாலும் கடற்கரையிலிருந்துதான் வரவேண்டும். உப்பளத்துக்குப் பக்கத்தில் வெறும் சேறும் கழியும் தண்ணீருமாகக் கிடக்கிற பொருள், உள்நாட்டுக்கு வந்து சேர்வதற்குள் விலை ஏறிவிடும். சங்க காலத்திலேயே உப்பு வண்டி ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போன உமணர்கள் உண்டு. நமது பல பழைய சாலைகளின் முதல் தடம், ராஜாவின் ரதம் போட்டது அல்ல... உப்பு வண்டி போட்டது என்பது என் எண்ணம்.

உப்பு மட்டுமா? பழநிக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தில் பொருந்தல் என்று ஒரு கிராமம். 2009, 2010ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் கா.ராஜன் தலைமையில் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகக் குழு அங்கே அகழாய்வு செய்தது. ஓர் ஈமக்குழிக்குள் கால் வைத்த ஜாடி. அதற்குள் சுமார் இரண்டு கிலோ நெல்! அதே குழியில் கிடைத்த ஒரு பிரிமனையில் தமிழ் பிராமி எழுத்து. நெல்லை ஆய்வகத்துக்கு அனுப்பித் தேதி பார்த்தால், கி.மு. 490 வாக்கு என்று வந்தது. அந்தத் தேதி பற்றி அறிஞர்களிடையே வாதம் உண்டு. அது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு முக்கியமாகப் பட்டது அங்கே ஏராளமாகக் கிடைத்த பாசிமணிகள். கண்ணாடி மணி, சூதுபவளம் என்று குவியல் குவியலாக. ஒரு மலையடிவாரக் கிராமத்தில் இத்தனை மணிகள் ஏன்? ஊர் இருந்தது வணிக வழியில். மேற்கே போனால் சேர நாட்டுக் கடற்கரை. கிழக்கே வந்தால் மதுரை, அதற்கும் கிழக்கே வைகை கடலில் சேரும் இடத்தில் அழகன்குளம் துறைமுகம். இரண்டு கடலுக்கும் நடுவே மனிதர்கள் நடந்தபடியே இருந்திருக்கிறார்கள்.

இப்போது திண்டுக்கல் கோட்டைக்கு ஏறுவோம். வாருங்கள்.

ஊருக்கு நடுவே மரமில்லாத மொட்டைப் பாறை. திண்டு போலிருக்கும் கல், அதனால் திண்டுக்கல். உயரம் முந்நூறு அடிக்குக் கொஞ்சம் குறைவு. உச்சியில் நின்று பார்த்தால் கோட்டையை ஏன் இங்கே கட்டினார்கள் என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். தென்கிழக்கே சிறுமலை. தென்மேற்கே பழநி மலைத்தொடர். இரண்டுக்கும் நடுவே ஒரு வாசல். மதுரையிலிருந்து கொங்கு நாட்டுக்கோ மைசூருக்கோ படையோடு போகிறவன் இந்த வாசல் வழியாகத்தான் போகவேண்டும். திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். 2019ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. ஆனால் அந்த ஊரே ஒரு பூட்டுதான். பாதைக்குப் போட்ட பூட்டு!

1605ல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கோட்டையைத் தொடங்கினார், திருமலை நாயக்கர் பலப்படுத்தினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. அதற்குப் பிறகு நடந்தது பூட்டுக்கான சண்டை. சந்தா சாகிப் பிடித்தார். மைசூர்க்காரர்கள் பிடித்தார்கள். 1755ல் மைசூர் அரசு இங்கே பவுஜ்தாராக ஒருவரை அனுப்பியது. படிக்கத் தெரியாத, கணக்கு மட்டும் மனசிலேயே போடத் தெரிந்த ஆள். பெயர் ஹைதர் அலி.

ஹைதர் பிற்காலத்தில் மைசூரையே கையில் எடுத்துக்கொண்டதற்கு அஸ்திவாரம் போட்டது திண்டுக்கல்தான். பிரெஞ்சுக்கார நிபுணர்களைக் கூட்டிவந்து பீரங்கித் தளவாடப் பட்டறை அமைத்தார். பாளையக்காரர்களை அடக்கி வரி வசூலித்தார். அந்த நாட்களின் ஒரு கதையை மைசூர் வரலாறு எழுதிய வில்க்ஸ் சொல்கிறார். காயம்பட்ட சிப்பாய்களுக்கு மைசூர் அரசு தனிப்படி கொடுக்கும். ஒரு சண்டையில் நிஜமாகக் காயம்பட்டவர்கள் 67 பேர். சரிபார்க்க அதிகாரி வந்தபோது, மஞ்சள் துணியால் கட்டுப்போட்டுப் படுத்திருந்தவர்கள் 700 பேர்! வந்தவர் எண்ணிப் பார்த்துக் கணக்கு எழுதிக்கொண்டு போய்விட்டார். இன்றைக்கும் அரசாங்க ஆய்வுகளில் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு படுப்பவர்கள் இல்லையா என்ன?

கோட்டை கை மாறிய கதை நீளமானது. 1767ல் ஆங்கிலேயர், மறு ஆண்டே ஹைதர், 1783ல் மறுபடி ஆங்கிலேயர், 1784 மங்களூர் உடன்படிக்கையில் திரும்ப மைசூருக்கு. கடைசியாக 1790 ஆகஸ்ட். கர்னல் ஸ்டூவர்ட் முற்றுகை போட்டார். அவரிடம் குண்டும் மருந்தும் தீர்ந்துகொண்டிருந்தன. மதிலில் சரியான உடைப்பு விழுவதற்கு முன்பே படையை ஏறச் சொன்னார். ஏறிய படை தோற்றுத் திரும்பியது. அவ்வளவுதான், மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்திருப்பார். விடிந்தால், கோட்டை மேல் வெள்ளைக்கொடி! உள்ளே இருந்த சிப்பாய்களில் பெரும்பகுதி ராத்திரியோடு ராத்திரியாக இறங்கி நடந்துவிட்டார்கள். 22ஆம் தேதி கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் அது நிரந்தரமாயிற்று.

பூட்டைத் திறந்தது பீரங்கி இல்லை, கால்கள்!

இதே வழியில் வந்த இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 1772ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டபின், சிவகங்கைச் சீமையை விட்டு மேற்கே வந்தார் வேலு நாச்சியார். ஹைதரின் பாதுகாப்பில் திண்டுக்கல், விருப்பாட்சிப் பக்கம் எட்டு வருஷம். 1780ல் படையோடு திரும்பிப் போய்ச் சீமையை மீட்டார். இன்றைக்குக் காவடி வருகிற திசையில் வந்து, காவடி திரும்புகிற திசையில் திரும்பியிருக்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வது உண்டு. ஆமாம், நகரத்தார் காவடி திரும்பியும் நடக்கும். தைப்பூசம் முடிந்ததும் பஸ் ஏறுகிற வேலையெல்லாம் கிடையாது.

நாச்சியாருக்குத் துணைநின்ற விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர், பின்னாளில் ஆங்கிலேயருக்கு எதிராகத் திண்டுக்கல் கூட்டணியைக் கட்டினார். 1801ல் பிடிபட்டார், தூக்கிலிடப்பட்டார். எங்கே தெரியுமா? திண்டுக்கல்லில் ஒரு குளக்கரையில் என்பது ஊர் வழக்கு. கோபாலசமுத்திரம் என்ற பெயரோடு அந்தக் குளம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் பஸ் ஹாரன், பஜ்ஜிக் கடை. 'இங்க ஒரு ராஜாவைத் தூக்குல போட்டாங்களாமே?' என்று ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். "சொல்லுவாங்கண்ணே. எங்க தாத்தா இதுல நீச்சல் பழகுனாரு, அதான் எனக்குத் தெரியும்" என்றார். இரண்டும் வரலாறுதான்.

குளத்துக்கு வந்துவிட்டோம். ஆச்சி சொன்னதும் இதைத்தானே?

சிவகங்கைப் பக்கம் கண்மாய், திண்டுக்கல் பக்கம் குளம். பெயர்தான் வேறு. மானாவாரிச் சீமையில் மழைத்தண்ணீரைக் கட்டிவைக்கும் மண் கரை. மேட்டில் இருக்கும் குளம் நிரம்பினால் மறுகால் வழியாகக் கீழ்க்குளத்துக்கு, அது நிரம்பினால் அதற்கும் கீழே. இப்படித்தான் சங்கிலிச் சங்கிலியாக அமைத்தார்கள். நடக்கிறவனுக்கு அந்தக் கரையைவிட நல்ல பாதை கிடையாது. வயல் சேறு காலில் ஒட்டாது. கரையில் பனையும் புளியும் நிழல் தரும். ஒரு பக்கம் தண்ணீர். கரை முடிகிற இடத்தில் ஓர் அய்யனாரோ மாரியம்மனோ இருப்பார், கொஞ்சம் உட்காரலாம். அடுத்த குளத்துக்கு வாய்க்கால் ஓரமாகவே போய்விடலாம். தண்ணீர் போகிற வழியும் மனிதன் போகிற வழியும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன.

கோட்டைக்காரர்களுக்கும் இது தெரியும். பாறை உச்சியில் மழைநீரைத் தேக்கச் சுனைகளைப் பார்க்கலாம். அடிவாரத்தில் கோட்டைக்குளம். தண்ணீர் இல்லாத கோட்டையை முற்றுகை போடவே வேண்டாம், சும்மா காத்திருந்தால் போதும்.

வழிநெடுக ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி. நடக்கிறவர்கள் தங்குவதற்குச் சத்திரம் கட்டிய இடங்கள் ஊராக வளர்ந்திருக்கின்றன. மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைக்கும் சத்திரத்துக்கும் பெயர் பெற்றவர். கோட்டைக்குச் செலவழித்த ராஜாக்கள் நிறைய, நடக்கிறவன் படுக்கத் திண்ணை கட்டிய ராஜாக்கள் கொஞ்சம்.

இன்றைக்கு நிலைமை என்ன? சிறுமலைக்கும் பழநி மலைக்கும் நடுவே விழுகிற தண்ணீரில் ஒரு பங்கு குடகனாறாக வடக்கே ஓடி, வேடசந்தூர் தாண்டி, அமராவதியில் சேர்ந்து, கடைசியில் காவிரிக்குப் போகிறது. ஆத்தூர்ப் பக்கம் அதே தண்ணீரை ராஜவாய்க்கால் குளங்களுக்குத் திருப்புகிறது. யாருக்கு எவ்வளவு என்று ராஜவாய்க்கால்காரர்களுக்கும் கீழே குடகனாற்றுக்காரர்களுக்கும் சமீப ஆண்டுகளில் பெரிய வழக்காடலே நடந்தது. உண்ணாவிரதம், மறியல், அரசாங்கத்தின் வல்லுநர் குழு எல்லாம் பார்த்தாயிற்று. இரண்டு பக்கத்து விவசாயியும் நியாயத்தோடுதான் பேசுகிறான். போதாத தண்ணீரைப் பங்கு போட்டால் எந்தப் பங்கும் போதாது. நடுவில் வரத்துவாய்க்கால் தூர்ந்து, குளங்கள் சீமைக்கருவேலக் காடாகக் கிடப்பதுதான் எனக்குப் பெரிய வயிற்றெரிச்சல். கரையே இல்லாமல் போனால் கரைமேல் எப்படி நடப்பது?

பாதயாத்திரை ரோட்டுக்கு வந்தது இப்படித்தான். அந்த ரோடும் லேசுப்பட்டதல்ல. கோயம்புத்தூரில் தொடங்கி, பழநி, திண்டுக்கல், திருச்சி, தஞ்சை வழியாக நாகப்பட்டினம் கடற்கரை வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 83. கடலுக்கும் மலைக்கும் நடுவேயான அதே பழைய நடை, இப்போது தாரில். திண்டுக்கல்லிலிருந்து பழநி ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பல இடங்களில் நடப்பவர்களுக்கென்று கல் பதித்த நடைபாதை போட்டிருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் பாதி தூரத்தில் அதன்மேல் கடை, டூ வீலர், செடி கொடி. நடக்கிறவன் மறுபடி ரோட்டில் இறங்குகிறான். தை மாதம் வந்தால் போலீஸ்காரர்கள் பக்தர்களின் பையிலும் தடியிலும் ஒளிரும் பட்டை ஒட்டிவிடுகிறார்கள். அப்படியும் ஒவ்வொரு வருஷமும் பேப்பரில் அந்தச் செய்தி வந்துவிடுகிறது: அதிகாலை, பாதயாத்திரைக் கூட்டம், பின்னால் வந்த வாகனம்.

ராத்திரி நடப்பதே வெயிலுக்குப் பயந்துதான். பகலில் நிழல் தந்த கரை இருந்திருந்தால் எத்தனை பேர் இருட்டில் நடந்திருப்பார்கள்?

கோட்டையிலிருந்து பட்டாளம் 1860 வாக்கில் போய்விட்டது. இன்று தொல்லியல் துறையின் டிக்கெட் கவுண்டர் இருக்கிறது, பீரங்கி மேல் உட்கார்ந்து போட்டோ எடுக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மாசி மாதம் ஒருநாள் சாணார்பட்டிப் பக்கம் போயிருந்தேன். பழநியிலிருந்து திரும்புகிற காவடிக் கூட்டத்தில் சிலர் எதிரே வந்தார்கள். போகும்போது இருந்த கூட்டம் இல்லை, பாட்டு இல்லை. ஒரு பெரியவர் ரோட்டை விட்டு இறங்கி, கருவேல முள்ளை ஒதுக்கிக்கொண்டு ஒரு மேட்டில் ஏறினார். அது ஒரு குளத்தின் கரை. உள்ளே காய்ந்த மண், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர், இரண்டு கொக்கு.

"இந்தக் குளத்துக்கு என்ன பேரு தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. வரப்பில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்கலாம் என்று இரண்டு பேருமாக இறங்கி நடந்தோம்.