உண்ணிக் காய்ச்சலும் கோலாலம்பூர் ஆராய்ச்சியும்



நம் பாட்டன்மார் காலத்தில் செம்பனைத் தோட்டங்களில் ஒரு பொல்லாத காய்ச்சல் இருந்தது. லாலான் புல்லிலும் புதரிலும் வேலை செய்து திரும்பியவருக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் கடும் தலைவலியோடு அது தொடங்கும். மலேரியா என்று எண்ணிக் கொயினா கொடுத்தால் கேட்காது. இரண்டு வாரம் உடம்பு அனலாய்க் கொதிக்கும். சிலர் எழுந்து நடமாடினார்கள். சிலர் எழவே இல்லை.

அது உண்ணிக் காய்ச்சல். செம்பனைப் பழத்தைத் தின்ன எலி வருகிறது. எலியின் மேல் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணி ஒட்டியிருக்கிறது. அதன் குஞ்சு மனிதரைக் கடித்தால் நோய்க்கிருமி உடம்புக்குள் சென்றுவிடும்.

இதை அறியப் பல ஆண்டுகள் பிடித்தன. கோலாலம்பூரில் 1900-இல் அமைக்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், 1920-களில் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் நகரத்துக் காய்ச்சல் வேறு, புதர்க்காட்டுக் காய்ச்சல் வேறு என்று பிரித்துக் காட்டினார். 1930-களில் டாக்டர் லூத்வெயிட்டும் டாக்டர் சவூரும் ஆராய்ந்து, இதுவும் ஜப்பானின் ஆற்றோரங்களில் காணும் சுட்சுகாமுஷி நோயும் ஒன்றே என்று நிறுவினர். ஆனால் மருந்துதான் இல்லை.

இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் இக்காய்ச்சல் படைவீரர்களையும் வீழ்த்தியது. அதன் பிறகே வல்லரசுகள் விழித்துக்கொண்டன. தோட்டத் தொழிலாளியின் மேல் இரக்கப்பட்டு மட்டும் அவர்கள் வந்தார்கள் என்று சொல்வதற்கில்லை.

மருந்து கிடைத்த இடமோ வெகு தூரம். தென் அமெரிக்காவில், வெனிசுவேலா நாட்டுக் கராக்காஸ் நகருக்கு அருகே ஒரு வயலில் எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து குளோரோமைசெட்டின் என்னும் மருந்தை அமெரிக்க ஆய்வாளர் பிரித்தெடுத்து 1947-இல் அறிவித்தனர். 1948-இல் டாக்டர் ஜோசப் ஸ்மேடல் தலைமையில் ஒரு குழு அம்மருந்தோடு கோலாலம்பூர் வந்தது. லூத்வெயிட்டும் சவூரும் அவர்களோடு சேர்ந்துகொண்டனர். நோயாளிகளைக் கண்டறியும் அனுபவம் இங்கிருந்தவர்களிடம், மருந்து வந்தவர்களிடம். ஒருவரின்றி மற்றவர் இல்லை. மருந்து உட்கொண்டவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு நாளுக்குள் காய்ச்சல் தணிந்தது!

இன்னொரு வியப்பும் நேர்ந்தது. உண்ணிக் காய்ச்சல் என்று கருதி மருந்து கொடுக்கப்பட்டவர்களிடையே டைஃபாய்டு நோயும் இருந்தது தெரியவந்தது. அதுவும் குணமாயிற்று! டாக்டர் உட்வர்டும், டாக்டர் மங்கிகரும் மற்றவர்களும் பத்து டைஃபாய்டு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, அதே ஆண்டில் வெளியிட்டார்கள். அதுவரை டைஃபாய்டுக்கு நேரான மருந்தே இல்லை. தற்செயல் என்பார்கள், ஆனால் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் இல்லாதிருந்தால் அந்தத் தற்செயல் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அம்மருந்து சிலருக்கு இரத்த உற்பத்தியையே கெடுத்துவிடும் என்பது 1950-களில் தெரிந்தது. ஆகவே இன்று உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்கிளின் கொடுக்கிறார்கள்.

உறவு அத்தோடு நிற்கவில்லை. இங்கே உண்ணிகளை ஆராய்ந்த டாக்டர் ரால்ஃப் ஆடி 1959-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஹூப்பர் நிலையத்துக்குத் தலைவராகச் சென்றார். 1960-களில் அந்தப் பல்கலைக்கழகம் கோலாலம்பூர்க் கழகத்தோடு சேர்ந்து ஆராய்ச்சிப் பயிற்சித் திட்டம் ஒன்றை நடத்தியது. பட்டம் முடித்த இளம் விஞ்ஞானிகள் இங்கு வந்து, நம் காடுகளிலும் தோட்டங்களிலும் எலியையும் உண்ணியையும் பிடித்துத் தொழில் கற்றார்கள்.

அந்த 1948-ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் மருத்துவர்களின் பெயர்கள் வரிசையாக அச்சாகியிருக்கின்றன. மருந்தை முதலில் விழுங்கிய நோயாளிகளின் பெயர்களை நாம் அறியோம்.